ஒன்பது ஸ்டோன் நாலு

எங்கள் பனிச்சறுக்கு மேட்டில் நிஜப் பனி பெய்தால் அன்றைக்கு விடுமுறை. கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க அதில் ஒன்றுமில்லை. துணி துவைக்கும் பிரஷ்ஷை முள் மேலே பார்க்க வைத்து, அதையே சரிவு முழுக்கப் பாய் மாதிரி விரித்தால் எப்படி இருக்குமோ அதுதான் எங்கள் மேடு. தண்ணீர் தெளித்தால் வழுக்கும், தெளிக்காவிட்டால் ஒட்டும். வானத்திலிருந்து பனி விழுந்துவிட்டாலோ அது முள்ளுக்குள் புகுந்து இறுகி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். மேட்டைப் பார்த்துக்கொள்ளும் கென்னி மண்வெட்டியோடு போய் நிஜத்தையெல்லாம் வாரிக் கொட்டிவிட்டு வருவான். அதற்குப் பிறகுதான் ஆள் விடுவோம்.

சார்ஜென்ட் ஹார்டிஸ்டி, நீங்கள் மூன்று தாள் கொடுத்தீர்கள். வெறும் சாட்சி வாக்குமூலம்தான், மரண விசாரணைக்கு ஒரு சம்பிரதாயம், அரைப் பக்கம் போதும் என்றீர்கள். தேநீரும் வரவழைத்தீர்கள். நல்ல பிள்ளை நீங்கள். ஆனால் அரைப் பக்கத்தில் முடியாது. எனக்குப் படிவங்களைச் சரியாக நிரப்பித்தான் பழக்கம்.

பெயர் மேவிஸ் ஓல்ட்ராய்ட். வயது அறுபத்தொன்று. 'குட்டி ஆல்ப்ஸ்' கேளிக்கை வளாகத்தில் வாடகைக் கவுண்டரில் இருபத்திரண்டு வருடம். பழைய இரும்பாலையின் கசடு மேட்டின்மேல்தான் அந்த ஆல்ப்ஸ் இருக்கிறது. உச்சியிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் காயலான் கடை, இன்னொரு பக்கம் எரிவாயுத் தொட்டி. கீழே பந்து உருட்டும் கூடம், குழந்தைகளுக்குக் குட்டி கோல்ஃப், மாடியில் சுவிட்சர்லாந்து மர வீடு மாதிரி ஒரு காப்பிக் கடை. அதில் உருக்கிய பாலாடைக்கட்டி கிடைக்கும் என்று பலகையில் எழுதியிருக்கும். திறந்த நாளிலிருந்து ஒருத்தரும் கேட்டதில்லை. உருளை வறுவலும் குழம்பும்தான் ஓடும்.

என் வேலை சின்ன வேலை. வருகிறவர் ஒரு படிவம் நிரப்புவார். பெயர், வயது, எடை, எவ்வளவு சறுக்கத் தெரியும். அதைப் பார்த்து நான் சறுக்குப் பலகையின் பிடிப்பைத் திருகி வைப்பேன். காலணியைப் பலகையோடு பிடித்து வைத்திருக்கும் பூட்டுதான் பிடிப்பு. கனத்த ஆளுக்கு இறுக்கமாக, மெலிந்த ஆளுக்குத் தளர்வாக. ரொம்ப இறுகியிருந்தால் விழும்போது பலகை கழலாது, கால் கழன்றுவிடும். ரொம்பத் தளர்ந்திருந்தால் திரும்பும்போது பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

இதில் ஒரே சிக்கல், எங்கள் ஊரில் யாரும் படிவத்தை உண்மையாக நிரப்ப மாட்டார்கள். ஆண்கள் எடையைச் சரியாக எழுதிவிட்டுத் திறமையில் பொய் சொல்வார்கள். வாழ்நாளில் ஒரு தடவை சறுக்கியவன் 'தேர்ந்தவர்' என்ற கட்டத்தில் குறி போடுவான். பெண்கள் எடையில் கழிப்பார்கள். பக்கத்தில் தோழி நின்றுகொண்டு எட்டிப் பார்க்கும்போது வேறென்ன செய்வார்கள்? எழுதியபடி வைக்க வேண்டும் என்பது விதி. ஆளைப் பார்த்து வைப்பது என் வழக்கம். அவர்கள் எழுதித் தருவார்கள், நான் ஒரு பார்வை பார்ப்பேன், சத்தமில்லாமல் ஒன்றரை ஸ்டோன், அதாவது ஒன்பது பத்து கிலோ, கூட்டிக்கொள்வேன். இருபத்திரண்டு வருடமாக இந்த ஊர்ப் பெண்களின் முட்டி முழுசாக இருப்பதற்கு அந்தக் கூட்டல்தான் காரணம். யாரும் நன்றி சொன்னதில்லை. தெரிந்தால்தானே சொல்வதற்கு?

வியாழன் காலை பத்தரைக்கு ஒரு பெண்கள் குழு வரும். எட்டுப் பேர். சொந்தமாக நல்ல பலகை வைத்திருப்பவர்கள்தான், ஆனால் எங்கள் பிரஷ் அதன் அடியைத் தின்றுவிடும் என்பதால் அதை நிஜ மலைக்கென்று வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு இங்கே வாடகைப் பலகையில் சறுக்குவார்கள். பத்திரப்படுத்த வேண்டியதையும் தேய்த்துத் தீர்க்க வேண்டியதையும் பிரித்து வைக்கத் தெரிந்தவர்கள்.

குழுவுக்குத் தலைவி டாஃப்னி லான்ஸ்டேல். பல் டாக்டர் மனைவி. அவர் என்னை மேவிஸ் என்பார், நான் அவரை மிஸஸ் லான்ஸ்டேல் என்பேன். பதினாலு வருடமாக, பிள்ளை பெற்ற மகள் வீட்டில் மூன்று மாதம் கேக் சாப்பிட்டுத் திரும்பியபோதும், அவர் எழுதிய எடை ஒன்பது ஸ்டோன் நாலு, அறுபது கிலோ கூட இல்லை. உண்மையில் பன்னிரண்டுக்குக் குறையாது. மூன்று ஸ்டோன் என்றால் ஒரு ஆறு வயதுப் பிள்ளை. ஒவ்வொரு வியாழனும் அந்தப் பிள்ளையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததாக எழுதுவார். நான் அதைத் தேடிக் கூட்டிவந்து பிடிப்பில் சேர்த்து வைப்பேன். அவருக்கு மட்டும் ஒன்றரை இல்லை, மூன்று.

பிப்ரவரி தோறும் எட்டுப் பேரும் ஆஸ்திரியாவுக்கு ஒரு வாரம் போவார்கள். போகும் முன் டாஃப்னி கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்து, ஒரே மாதிரி சொல்வார்.

"அடுத்த வருஷம் நீயும் எங்ககூட வந்தே ஆகணும் மேவிஸ். நீ இல்லாம நல்லாவே இல்ல."

பதினோரு வருடம் சொன்னார். நானும் ஆகட்டும் என்று சிரித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது வருடம் எனக்கு என்ன வந்ததோ, நம்பிவிட்டேன்.

இது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். இந்த நாட்டில் பிறந்து அறுபது வருடம் வாழ்ந்தவள், "ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்றால் வரவேண்டாம் என்று அர்த்தம், "உங்க கேக் வித்தியாசமா இருக்கு" என்றால் வாயில் வைக்க முடியவில்லை என்று அர்த்தம், இதெல்லாம் தெரியாதவளா நான். தெரியும். ஆனாலும் நம்பினேன். புருஷன் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லாமல் இருந்தால் காது கொஞ்சம் பேராசைப்படும்.

செப்டம்பரில் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு குளிர்ச்சட்டை வாங்கினேன். கவுண்டருக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடம் நின்றவள், பலகையில் ஒரு நாளும் ஏறியதில்லை. கென்னியிடம் சொன்னேன். காலையில் வளாகம் திறக்கும் முன் எனக்குக் கற்றுக்கொடுத்தான். பதினாலு வாரம். முதல் மாதமே பிரஷ் பாயின் ஓட்டையில் கட்டைவிரல் மாட்டி ஒடிந்தது. அங்கே எல்லோருக்கும் ஒடிவதுதான். கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினேன். டிசம்பரில் உச்சியிலிருந்து அடிவரை விழாமல் வந்து நின்றேன்.

"அவங்களவிட நீங்க நல்லா இறங்குறீங்க மேவிஸ்" என்றான் கென்னி. அன்றைக்கு நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுவது எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

ஜனவரி முதல் வியாழன் கழுத்தைச் சாய்க்க ஆரம்பித்தார் டாஃப்னி. அவர் முடிக்கும் முன்னே நான் சொல்லிவிட்டேன், இந்த வருஷம் வர்றேன் மிஸஸ் லான்ஸ்டேல், பாஸ்போர்ட் கூட வாங்கிட்டேன் என்று.

எட்டுப் பேரும் காலணியைப் பார்த்தார்கள். அவ்வளவு சுவாரசியமான காலணிகள் இல்லை அவை.

"அய்யோ கண்ணு" என்றார் டாஃப்னி. "அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே. எட்டுப் பேருக்குத்தான் ரூமே இருக்கு. அப்புறம் நீயும் வந்துட்டா இங்க இந்தக் காலணியெல்லாம் யாரு பாத்துக்குவா?"

பின்னால் ஒருத்தர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, தர்மசங்கடத்தில் வருகிற சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன். ஒன்பது ஸ்டோன் நாலு என்று எழுதி நீட்டினார். மூன்று ஸ்டோன் கூட்டி வைத்துக் கொடுத்தேன். அன்றைக்குக் கூட கூட்டி வைத்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்திரியாவிலிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. வெள்ளை மலை, நீல வானம். பின்னால், 'நீயும் இங்கே இருந்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது'. எட்டுக் கையெழுத்து. அதைக் கவுண்டரில் ஒட்டி வைத்தேன். தினமும் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு தெளிவு வந்தது. என் வாழ்க்கையின் கோளாறெல்லாம் எங்கே என்று புரிந்தது. சொன்னதை நம்ப வேண்டிய இடத்தில் நம்பாமல் கூட்டிக்கொண்டிருந்தேன், நம்பக் கூடாத இடத்தில் நம்பிவிட்டேன். இனிமேல் எல்லோரையும் ஒரே மாதிரி நம்புவது என்று முடிவு செய்தேன். பெரிய மனுஷிகள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் தாள். அதைத் திருத்த நான் யார்?

ஆனால் எதிலும் நிதானம் வேண்டும். ஒருத்தருக்கு மட்டும் அப்படிச் செய்தால் அது பழி தீர்ப்பது. எனக்கு அந்தக் குணம் கிடையாது. எட்டுப் பேருக்கும் செய்தால் அது ஒழுங்கு. வெயில் காலத்துக்காகக் காத்திருந்தேன். பிரஷ் காய்ந்து ஒட்டும், சறுக்குகிறவர்கள் அந்த வேகத்துக்குப் பழகிப் போவார்கள், அப்புறம் ஒரு நாள் தண்ணீரைத் திறந்துவிட்டால் மேடு கண்ணாடி மாதிரி ஆகும். ஜூன் இரண்டாம் வாரம் எட்டுப் பேரும் பிரஷ் ஒட்டுகிறது என்று குறைப்பட்டார்கள். வாடிக்கையாளர் குறையைக் காதில் போட்டுக்கொள்வது என் கடமை. அடுத்த வியாழன் காலை கென்னியிடம் சொன்னேன், தண்ணியத் தாராளமா விடு, போன வாரமே புலம்புனாங்க என்று. அவனைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

பத்தரைக்கு வந்தார்கள். எட்டுப் படிவங்களையும் வாங்கினேன். டாஃப்னி மட்டும் அன்றைக்குத் தன்னுடையதை இரண்டாக மடித்து, கவுத்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்து போனார். மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள் என்று வெட்கப்பட்டிருக்கலாம். நான் உள்ளே போய் எட்டு ஜோடிப் பலகைகளையும் திருகி வைத்தேன். எட்டும் படிவத்தில் உள்ளபடி. ஒரு நூல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

முதல் சுற்றிலேயே ஒருத்தருக்கு மணிக்கட்டு ஒடிந்தது. இன்னொருவருக்கு முழங்கை முழுக்கத் தோல் உரிந்தது. மூன்றாவதாக டாஃப்னி இறங்கினார். நான் வாசலில் நின்று பார்த்தேன். நன்றாகத்தான் வந்தார். கடைசித் திருப்பத்தில் இடது பலகை தனியே கழன்று போயிற்று, அவர் மட்டும் வந்தார். ஆட்களை மேலே இழுத்துச் செல்லும் இயந்திரத்தின் கம்பத்துக்கு முட்டி உயரத்திலிருந்துதான் பஞ்சு சுற்றியிருக்கிறது. அடியில் வெறும் சிமென்ட், தலை அதில்தான் மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

திங்கட்கிழமை பாதுகாப்பு ஆய்வாளர் வந்தார். எட்டு ஜோடியையும் அளந்தார், எட்டுப் படிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தியது. பன்னிரண்டு ஸ்டோன் பெண் ஒன்பது என்று எழுதினால் கடவுளே வந்தாலும் காப்பாற்ற முடியாது என்றார். இவ்வளவு ஒழுங்கான கவுண்டரைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று அறிக்கையிலேயே எழுதினார். மேனேஜர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு பலகையும் வந்துவிட்டது, 'உங்கள் எடையை உண்மையாக எழுதுங்கள்'. இருபத்திரண்டு வருடம் முட்டிகளைக் காப்பாற்றியதற்கு வராத பாராட்டு, ஒரே ஒரு வியாழனுக்கு வந்தது.

நான் அத்தோடு விட்டிருப்பேன். போன செவ்வாய் டாஃப்னியின் கணவர் வந்தார். கவுண்டருக்கு முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்பதற்காக வந்திருந்தார், சார்ஜென்ட். அவர் என்னிடம்.

"உங்களுக்கு எவ்வளவு சங்கடமா இருக்கும், மன்னிச்சுக்குங்க மேவிஸ்" என்றார். "அன்னிக்குக் காலைல தராசுல ஏறி நின்னா. இந்தத் தடவ உண்மையத்தான் எழுதப் போறேன், மேவிஸ்கிட்ட ஒரு தடவையாவது உண்மையா இருக்கணும்னு சொல்லிட்டுத்தான் கெளம்புனா. கடைசி நிமிஷத்துல மனசு வரல போல."

அவரை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தேன். அவர் அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"பிப்ரவரி ரூமையெல்லாம் வேண்டாம்னு சொல்லணும். பாத்தா ஒன்பது பேருக்குப் போட்டு வெச்சிருக்கா. எப்பவும் எட்டுப் பேர்தானே. ஒன்பதாவது ஆளு யாருன்னு யாருக்கும் தெரியல. உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

எனக்கும் தெரியல என்றேன்.

அதனால்தான் இந்த இரண்டாவது தாளையும் எடுத்திருக்கிறேன். மனசாட்சி உறுத்துகிறது என்று எழுதிவிடாதீர்கள். நான் நன்றாகத் தூங்குகிறேன். ஒரு படிவம் தவறாக இருக்கிறது, அது என் கவுண்டர் படிவம், அதைச் சரிசெய்ய வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் வைத்திருக்கும் ஒன்பது ஸ்டோன் நாலு படிவத்தை எழுதியது டாஃப்னி லான்ஸ்டேல் இல்லை. நான். பதினாலு வருடம் பார்த்த கையெழுத்து, அந்த ஒன்பதின் வால் கூட எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மடித்துக் கொடுத்ததை உள்ளே கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தேன், படித்தேன், புதிதாக ஒன்று எழுதினேன், அதற்கேற்பத் திருகினேன். ஒரு மரியாதைக்காகத்தான். மரண விசாரணையில் ஒரு பெண்மணியின் நிஜ எடையை ஊர் கேட்க உரக்கப் படிப்பார்கள், பாவம். அவர் விழும் முன்னாலேயே மரண விசாரணை எப்படி நினைவுக்கு வந்தது என்று கேட்பீர்கள். நான் எதையும் முன்கூட்டி யோசித்துச் செய்கிறவள், சார்ஜென்ட்.

அவர் எழுதிய அசல் என் கைப்பையில், பாஸ்போர்ட்டுக்குள் இருக்கிறது. அந்தப் பாஸ்போர்ட்டில் வேறு எதுவும் இல்லை, எல்லாப் பக்கமும் வெள்ளை. எடுத்துக்கொள்ளுங்கள். எடைக்கு நேரே பன்னிரண்டு ஸ்டோன் இரண்டு என்று இருக்கும். கீழே 'வேறு குறிப்புகள்' என்று ஒரு கட்டம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதில் யாரும் எதுவும் எழுதியதில்லை. அதில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார்: 'நான் அன்னிக்குப் பேசினது ரொம்பத் தப்பு மேவிஸ். நீ காலையில தனியா சறுக்கினதைக் கென்னி சொன்னான். பிப்ரவரிக்கு உன்னையும் சேத்து ஒன்பது பேருக்கு ரூம் போட்டிருக்கேன். இது நிஜம். அவசியம் வா.'

யார் எழுதிக் கொடுத்தாலும் அப்படியே நம்புவது என்றுதான் இருந்தேன். ஏழு பேரை நம்பினேன். இதை எப்படி நம்புவது, நீங்களே சொல்லுங்கள். இதெல்லாம் சும்மா ஒரு பேச்சுக்கு எழுதுவதுதானே.